மெமரி இன்டெக்ரிட்டியை ஆன் செய்ய விடாத டிரைவர்கள்: கண்டுபிடித்து நீக்கும் வழி

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் டீட்டெய்ல்ஸ் என்று போனால் மெமரி இன்டெக்ரிட்டி சுவிட்ச் இருக்கும். விண்டோஸின் மையப் பகுதிக்குள் தவறான நிரல் நுழையாமல் காக்கும் வசதி இது. தட்டினால் சில நொடி தேடிவிட்டு மறுபடி ஆஃப் ஆகி, பொருந்தாத டிரைவர்களைப் பாருங்கள் என்று ஒரு இணைப்பைக் காட்டும். உள்ளே போனால் ஒரு சிஸ் கோப்பின் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் நிரல்) பெயர். எந்தக் கருவிக்குச் சொந்தம் என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. அனேகமாக அந்தக் கருவியே இப்போது உங்களிடம் இருக்காது. எப்போதோ செருகிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பழைய டேட்டா கார்டு, தூக்கிப் போட்ட பிரின்டர்... சாதனம் போன பிறகும் அதன் டிரைவர் கணினியிலேயே தங்கிவிடுகிறது.

விண்டோஸ் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பது தெரிந்தால் எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற முடிவு சுலபம். இந்த வசதி ஆனில் இருக்கும்போது, விண்டோஸின் மையமான கர்னலுக்குள் எந்த நிரல் ஓடலாம் என்ற சோதனை கர்னலின் கையில் இருப்பதில்லை. விண்டோஸுக்கும் கீழே ஓடும் ஹைப்பர்வைசர் என்ற நிரல் பிரித்து வைத்த தனி இடத்தில் அது நடக்கிறது. சோதனையில் தேறிய நினைவகப் பக்கம் மட்டுமே இயங்கலாம். இயங்கும் பக்கத்தில் யாரும் எழுத முடியாது. பழைய டிரைவர்கள் பல, எழுதவும் இயக்கவும் ஒரே நேரத்தில் அனுமதி கேட்பவை. சிலவற்றில் கோப்பின் பகுதிகள் 4096 பைட் பக்க அளவுக்குச் சீராக அமைந்திருக்காது. அந்தக் காலத்தில் இவை குற்றமே இல்லை, விண்டோஸ் 7-இல் ஒழுங்காக ஓடியவைதான். ஆகவே பட்டியலில் ஒரு பெயர் வந்தால் அது வைரஸ் என்று பொருள் இல்லை. ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டிப் பயனும் இல்லை.

நீக்கும் வேலைக்கு முன் மூன்று ஏற்பாடுகள். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) கை வைத்தாலோ ரெகவரி திரைக்குப் போக நேர்ந்தாலோ அதைக் கேட்கும். மூன்றாவது, ஹைப்பர்வைசருக்கு வேண்டிய விர்ச்சுவலைசேஷன் பயாஸில் ஆனா என்று டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இன்டெலில் அது விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம். அது ஆஃபில் இருந்தால் எல்லா டிரைவரையும் களைந்தாலும் இந்தப் பாதுகாப்பு ஓடாது.

முதல் முயற்சி எப்போதும் அப்டேட்தான். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போனால் டிரைவர் அப்டேட்ஸ் தனியாக இருக்கும். அதில் இல்லையென்றால் கருவியைத் தயாரித்தவர்களின் தளம். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கமே போக வேண்டாம். அவற்றில் சில தங்கள் பங்குக்கு இன்னொரு பழைய டிரைவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும்.

அப்டேட்டில் தீரவில்லை, கருவியும் இப்போது பயன்பாட்டில் இல்லை என்றால் நீக்கிவிடலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிஸ்டம்32-க்குள் இருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குப் போய் அந்த சிஸ் கோப்பை மட்டும் அழித்துவிடுவார்கள். மூலப் பிரதி, விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் டிரைவர் ஸ்டோரில், ஃபைல் ரெபாசிட்டரி என்ற ஃபோல்டரில் தொகுப்பாக அப்படியே இருக்கும். எச்சரிக்கை போகாது. அந்த ஃபோல்டரையே கையால் அழித்தால் ஸ்டோரின் கணக்கு குழம்பி, பிறகு முறையாக நீக்குவதும் கஷ்டமாகிவிடும்.

முறையான கருவி பிஎன்பியுட்டில். விண்டோஸிலேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைக் கொடுங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துதான்:

பிஎன்பியுட்டில் /எனம்-டிரைவர்ஸ் /ஃபைல்ஸ் > சி:\பட்டியல்.டிஎக்ஸ்டி

வெளியார் டிரைவர்கள் எல்லாம் அந்த டெக்ஸ்ட் கோப்பில் வந்துவிடும். நோட்பேடில் திறந்து, எச்சரிக்கையில் பார்த்த சிஸ் பெயரைத் தேடுங்கள். கிடைத்த இடத்திலிருந்து சற்று மேலே பார்த்தால் பப்ளிஷ்டு நேம் என்ற வரியில் ஓஇஎம்12.ஐஎன்எஃப் போல ஒன்று இருக்கும். நீக்குவதற்கு வேண்டியது இந்த எண்தான். இது கணினிக்குக் கணினி மாறும். இன்னொருவர் சொன்ன எண்ணை அப்படியே தட்டினால் உங்கள் வைஃபை டிரைவர் போய்விடலாம். விண்டோஸ் 10-இல் ஃபைல்ஸ் என்ற கடைசிச் சொல்லை ஏற்காது, அதை விட்டுவிட்டு ஒரிஜினல் நேம், புரொவைடர் நேம் இரண்டையும் வைத்து அடையாளம் காண வேண்டும். எச்சரிக்கைப் பட்டியலில் கோப்புப் பெயருக்குப் பக்கத்து அம்புக்குறியைத் தட்டினாலும் பப்ளிஷ்டு நேம் பல சமயம் தெரியும்.

அழிப்பதற்கு முன் ஒரு பிரதி. சி:\காப்பு என்று ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கிவிட்டு:

பிஎன்பியுட்டில் /எக்ஸ்போர்ட்-டிரைவர் ஓஇஎம்12.ஐஎன்எஃப் சி:\காப்பு

பிறகு வேண்டுமென்றால் ஆட்-டிரைவர், இன்ஸ்டால் என்ற இரண்டு சொற்களோடு திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இப்போது நீக்கம்:

பிஎன்பியுட்டில் /டெலீட்-டிரைவர் ஓஇஎம்12.ஐஎன்எஃப்

முதல் தடவை இவ்வளவு போதும். ஏதோ ஒரு கருவி இந்தத் தொகுப்பைப் பயன்படுத்துகிறது என்று மறுத்தால், அது எது என்று பார்த்துவிட்டு /அன்இன்ஸ்டால் சேருங்கள். /ஃபோர்ஸ் கடைசி ஆயுதம். பல வழிகாட்டிகள் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதச் சொல்வது தவறு. அந்த மறுப்புச் செய்தி உங்களுக்கு ஒரு தகவல், அதைக் கேட்காமல் தாண்டிப் போகக் கூடாது. ஒரே டிரைவரின் இரண்டு மூன்று பதிப்புகள் வெவ்வேறு ஓஇஎம் எண்களில் கிடப்பது சகஜம். ஒன்றை நீக்கிய பிறகும் எச்சரிக்கை நின்றால், டெக்ஸ்ட் கோப்பில் தேடலைத் தொடருங்கள்.

கட்டளை பழக்கமில்லாதவர்கள் டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் ஷோ ஹிடன் டிவைசஸ் தேர்ந்தெடுக்கலாம். இப்போது செருகப்படாதவை மங்கலான சின்னத்தோடு தெரியும். ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது, டிரைவரையும் நீக்க முயலவும் என்ற கட்டத்தில் டிக் போட்டே ஆக வேண்டும். அது இல்லாமல் கொடுத்தால் கருவியின் பெயர் மட்டும் மறையும், தொகுப்பு ஸ்டோரில் இருக்கும், எச்சரிக்கை அப்படியே வரும்.

அடிக்கடி வரும் ஒரு பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும்: டபிள்யூடிசிசாம்64_ப்ரீவின்8. வெஸ்டர்ன் டிஜிட்டல் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளின் எஸ்இஎஸ் டிரைவர் இது. டிஸ்கின் பெட்டியோடு பேசி, நிர்வாக மென்பொருளுக்கு உதவுவது இதன் வேலை. உங்கள் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் விண்டோஸின் சொந்த டிரைவர் போதும். ஆகவே இதை நீக்கினால் போட்டோக்கள் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். டிஸ்குக்குப் பாஸ்வேர்ட் பூட்டு போட்டிருந்தால் மட்டும், முதலில் பூட்டை எடுத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுபவர்களின் கணினியில் எஸ்டிடியூப்30 என்ற இன்னொன்று தலைகாட்டும். அது எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் சிப்புகளின் டிஎஃப்யூ (ஃபர்ம்வேர் ஏற்றும்) மென்பொருளோடு வந்தது. போர்டு வேலை இல்லையென்றால் யோசிக்காமல் நீக்கலாம்.

சில பெயர்களுக்கு ஓஇஎம் எண்ணே இருக்காது. அவை ஒரு கருவிக்காக வந்தவை அல்ல, ஒரு மென்பொருள் தானே சர்வீஸாகப் பதிந்துகொண்டவை. வெப்பநிலை காட்டும் புரோகிராம், ஆர்ஜிபி விளக்குக் கட்டுப்பாடு, பழைய விபிஎன், முக்கால்வாசி நீக்கப்பட்ட ஆன்டிவைரஸ் இவற்றை முதலில் சந்தேகியுங்கள். அந்த மென்பொருளையே முறையாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுப்பது முதல் வழி. எதனுடையது என்று தெரியவில்லையென்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸைத் திறந்து டிரைவர்ஸ் பக்கத்தைப் பாருங்கள். கோப்பு, அதன் பாதை, கையெழுத்திட்ட நிறுவனம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். உடனே டெலீட் கொடுக்காமல் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பிரச்சினை வந்தால் மறுபடி டிக் போட்டால் முடிந்தது.

டிக்கை எடுத்துப் பார்க்கும் இந்த வழிக்கு ஒரு முக்கியமான விலக்கு, ஃபில்டர் டிரைவர்கள், அதாவது இன்னொரு டிரைவருக்கு மேலோ கீழோ இடையில் அமர்பவை. கீபோர்டு, சிடி டிரைவ், டிஸ்க் போன்ற வகைகளுக்கு விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகள் உண்டு. அதில் ஒரு டிரைவரின் பெயர் எழுதியிருக்க, கோப்பு மட்டும் இல்லாமல் போனால் அந்த வகைக் கருவி மொத்தமும் நின்றுவிடும். சிடி டிரைவ் என்றால் கோட் 39 என்று காட்டும், அவ்வளவுதான். டிஸ்க் என்றால் விண்டோஸே ஏறாமல் நீலத்திரை. எனவே ஓஇஎம் எண் இல்லாத டிரைவரை முடக்குவதற்கு முன், ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கன்ட்ரோல் என்பதற்குக் கீழே உள்ள கிளாஸ் பகுதி முழுவதும் அதன் பெயரைத் தேடுங்கள். இருந்தால் முதலில் அந்தப் பெயரை மட்டும் எடுக்க வேண்டும். கூடவே எழுதியிருக்கும் மற்ற பெயர்களை, உதாரணமாகக் கீபோர்டில் கேபிடிகிளாஸை, தொடவே கூடாது.

எல்லாம் நீக்கியபின் சுவிட்சை மறுபடி தட்டினால் புதிதாகத் தேடும். பழைய பட்டியலையே காட்டினால் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துத் தட்டுங்கள். ஆன் ஆனதும் இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும். அதற்குப் பிறகே பாதுகாப்பு ஓடத் தொடங்கும். சுவிட்ச் நீலமாக இருப்பதை மட்டும் நம்பாமல் கணினித் தகவல் காட்டும் எம்எஸ்இன்ஃபோ32-ஐ ஓட்டிப் பாருங்கள். சிஸ்டம் சம்மரியின் அடிப்பகுதியில் விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி ‘ரன்னிங்’ என்றும், ஓடும் சேவைகளில் ஹைப்பர்வைசர் என்ஃபோர்ஸ்டு கோட் இன்டெக்ரிட்டி என்றும் இருக்க வேண்டும்.

ரீஸ்டார்ட்டில் கணினி ஏறாமல் போவது அபூர்வம், ஆனால் நடக்கும். ரெகவரி திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போய் ரெஜெடிட் தட்டுங்கள். அங்கே தெரியும் ரெஜிஸ்ட்ரி ரெகவரிச் சூழலுடையது, உங்கள் விண்டோஸுடையது அல்ல. லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து லோட் ஹைவ் (ரெஜிஸ்ட்ரிக் கோப்பை ஏற்றும் மெனு) வழியாக உங்கள் விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம் என்ற கோப்பை ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றுங்கள். அதற்குள் கன்ட்ரோல்செட்001, கன்ட்ரோல், டிவைஸ்கார்டு, சினாரியோஸ், ஹைப்பர்வைசர்என்ஃபோர்ஸ்டுகோட்இன்டெக்ரிட்டி என்று இறங்கி, எனேபிள்டு மதிப்பை 0 ஆக்கி, ஹைவை இறக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஏறும். இங்கே டிரைவ் எழுத்து சி என்பதற்குப் பதில் வேறாக இருக்கலாம், ஃபோல்டரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேகம் குறையுமா என்ற கேள்விக்கு விடை ப்ராசஸரில் இருக்கிறது. இன்டெலில் 7-ஆம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ஜென் 2-இலிருந்தும் இந்தச் சோதனைக்கு வன்பொருள் உதவி உண்டு. அதற்கு முந்தையவற்றில் அதே வேலையை மென்பொருளால் பாவனை செய்வதால் சுமை தெரியும். விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் வந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி மேல் ஓடுகிறது, அதனால் மெதுவாகும் என்று அர்த்தம்.

கடைசியாக, கருவி தினமும் தேவை, தயாரிப்பாளர் புது டிரைவர் வெளியிடவில்லை என்ற நிலை. ஆய்வகக் கருவிகள், பழைய சீரியல் கேபிள்கள், லைசென்ஸ் டாங்கிள்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். அதற்காக இணையமும் வங்கி வேலையும் நடக்கும் கணினியில் பாதுகாப்பை நிரந்தரமாக ஆஃபில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கருவியை ஒரு பழைய கணினியில் மாட்டி, அதை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்து, கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வருவது தொல்லைதான். ஆனாலும் டிரைவர் வழியாகக் கர்னலுக்குள் நுழையும் தாக்குதல்கள் கற்பனை அல்ல. 2020-இல் ராபின்ஹுட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), கணினி உதிரிபாக நிறுவனமான கிகாபைட்டின் ஓட்டை உள்ள ஒரு பழைய டிரைவரைத் தன்னோடு எடுத்துவந்து ஏற்றித்தான் ஆன்டிவைரஸை முடக்கியது. அந்த டிரைவரில் இருந்தது அசல் டிஜிட்டல் கையெழுத்து. இதுபோன்றவற்றைத் தடுக்கவே அதே கோர் ஐசொலேஷன் பக்கத்தில் வல்னரபிள் டிரைவர் பிளாக்லிஸ்ட் என்ற சுவிட்ச் இருக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆனால் அந்தத் தடைப்பட்டியலும் சேர்ந்தே அமலாகும். ‘இந்த டிரைவரை ஏற்ற முடியாது’ என்ற செய்தி ஏதாவது ஒரு பழைய ஓவர்கிளாக்கிங் கருவியின் பெயரோடு அப்புறம் வந்தால், இந்தப் பட்டியல்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்.