சுமை எங்கே இறங்குகிறது? நிலத்தோற்றங்களை நான் படித்த விதம்

புவியியல் தாளை முதல் முறை எழுதப் போனபோது, அரித்தலும் படிவித்தலும் பகுதியைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். ஆறு, பனியாறு, காற்று, கடலலை என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நிலத்தோற்றங்களை எழுதி வைத்திருந்தேன். எல்லாப் பெயர்களும் தலைகீழ்ப் பாடம். கேள்வி இப்படி வந்தது: ஆற்று வளைவின் வெளிக்கரை செங்குத்தாகவும் உட்கரை சரிவாகவும் இருப்பது ஏன்? வளைவு முற்றினால் குதிரைக் குளம்பு ஏரி உருவாகும் என்று எனக்குத் தெரியும். 'ஏன்' என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, எந்த நிலத்தோற்றத்தைப் படித்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: இந்த இடத்தில் மண்ணையும் கல்லையும் சுமக்கும் வலு கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் அரிப்பு, குறைந்தால் படிவு. பாதிப் பாடம் இதிலேயே விளங்கிவிடும்.

ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஓடை, அடிவாரத்துச் சமதளத்தைத் தொட்டதும் வேகம் இழந்து சுமையை அங்கேயே போட்டுவிடுகிறது. அதுதான் வண்டல் விசிறி. வெள்ளக் காலத்தில் கரை மீறும் நீர், கரையைத் தாண்டிய உடனே பரந்து வேகம் குறைகிறது. பருமணல் கரையோரமே விழுந்து உயரணை ஆகிறது. நுண்மண் தள்ளிப் போய் வெள்ளச் சமவெளியாகப் படிகிறது. கடலைச் சேரும் இடத்தில் நீரோட்டம் தேங்குகிறது, அங்கே டெல்டா. விசிறி, உயரணை, டெல்டா மூன்றையும் நான் தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றும் ஒரே செயல், நடக்கும் இடம்தான் வேறு. இதை உணர்ந்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

டெல்டாவைப் பற்றி எழுதும்போது நைல் நதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்த பிறகு வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. வரத்து நின்றாலும் கடலலை ஓயவில்லை. டெல்டாவின் கரையோரம் அரிக்கப்படுகிறது. படிவும் அரிப்பும் எப்போதும் வரவு செலவுக் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, நான் கோட்டைவிட்ட அந்த வளைவு. வளைவில் நீரின் வேகம் வெளிக்கரைப் பக்கம் அதிகம், உட்கரைப் பக்கம் குறைவு. வெளிக்கரை அறுபட்டுச் செங்குத்தாகிறது, உட்கரையில் மணல் சேர்ந்து சரிவாகிறது. வளைவு இப்படியே பெருத்து, அதன் கழுத்து மெலிந்து, ஒரு வெள்ளத்தில் ஆறு நேராகப் பாய்ந்துவிட்டால் பழைய வளைவு ஏரியாகத் தனித்து நின்றுவிடும். அமெரிக்காவில் மிசௌரி ஆறு 1877 வெள்ளத்தில் இப்படித்தான் தடம் மாறியது. அங்கிருக்கும் கார்ட்டர் லேக் என்ற ஊர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் இன்று ஆற்றின் மறுபக்கம், நெப்ராஸ்கா பக்கம் இருக்கிறது. அந்த எல்லை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1892-இல் தீர்ப்பானது. விடையில் இதற்கு இரண்டு வரி போதும்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். துகள் சிறிதானால் எளிதில் அரிபடும் என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஹுல்ஸ்ட்ரோம் 1935-இல் வெளியிட்ட வரைபடம் வேறு கதை சொல்கிறது. முதலில் பெயர்வது மணல்தான். களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றைப் பெயர்க்க மணலுக்குத் தேவைப்படுவதைவிட அதிக வேகம் வேண்டும். ஆனால் ஒருமுறை பெயர்ந்துவிட்டால் நீர் கிட்டத்தட்ட நின்றுபோகும்வரை களிமண் மிதந்துகொண்டே போகும். இந்த வரைபடத்தைப் பார்க்காமல் வரைந்து பழகுங்கள்.

'ஆறு வி வடிவில் வெட்டுகிறது' என்றும் எழுதாதீர்கள். ஆறு கீழ்நோக்கித்தான் வெட்டுகிறது. இருபுறமும் பாறை சிதைந்து சரிவதால்தான் அந்த வடிவம் வருகிறது.

பனியாற்றுக்கு வரும்போது 'வேகம்' என்ற அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். பனிக்கட்டி பெரும்பாறையையும் மாவு போன்ற தூளையும் சேர்த்தே சுமக்கும், உருகும் இடத்தில் எல்லாவற்றையும் கலந்தே இறக்கும். அதனால் மொரைன் எனப்படும் பனியாற்றுப் படிவில் பருமன் வாரியான அடுக்கு இருக்காது. ஆற்றுப் படிவில் இருக்கும். வேறுபடுத்துக என்ற கேள்விக்கு இந்த ஒரு கருத்தை முதலில் எழுதுங்கள். தொங்கும் பள்ளத்தாக்குக்கும் 'வலு கூடினால் அரிப்பு' என்ற தர்க்கம்தான். பெரிய பனியாறு ஆழமாகத் தோண்டிவிட, கிளைப் பள்ளத்தாக்கு மேலேயே நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் 188 மீட்டர் விழும் பிரைடல்வெய்ல் அருவி அப்படிப்பட்ட விளிம்பிலிருந்துதான் இறங்குகிறது.

காற்றுக்கு இரண்டு செய்திகள் போதும். மணல் தரையை ஒட்டியே தாவித் தாவிப் போவதால் காளான் பாறையின் அடி மெலிகிறது. பர்கான் எனப்படும் பிறை வடிவ மணற்குன்றின் கொம்புகள் காற்று போகும் திசையைக் காட்டும்.

கடலலைக்குக் குகை, வளைவு, தூண் என்ற வரிசையைப் பாடமாகப் படித்தபோது அது ஆயிரமாண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது என்றே நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையில் லண்டன் பிரிட்ஜ் என்று அழைக்கப்பட்ட இரட்டை வளைவில், கரையோடு இணைந்திருந்த வளைவு 1990 ஜனவரியில் இடிந்து விழுந்தது. அப்பால் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். எஞ்சிய பாறை இன்று கரையிலிருந்து தனித்து நிற்கிறது. ஒரே பிற்பகலில் பாடப்புத்தகத்தின் ஒரு படம் அடுத்த படமாகிவிட்டது.

சுண்ணாம்புக் குகைகளுக்கு என் கேள்வி பொருந்தாது. அங்கே நடப்பது வேதியியல். சொட்டும் நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு கல்விழுதாகப் படிகிறது. அதைத் தனியாகப் படியுங்கள், மற்றவற்றோடு கலக்க வேண்டாம்.

விடைத்தாளில் முடிந்த நிலத்தோற்றத்தை மட்டும் வரையாதீர்கள். முன், இடை, பின் என மூன்று சிறு கட்டங்கள் போட்டு, ஓட்டத்தின் திசைக்கு அம்புக்குறியும், அரிபடும் பக்கத்துக்கு ஒரு குறியும் இடுங்கள். என் எழுத்தைவிட இந்தக் கட்டங்கள்தான் மதிப்பெண் வாங்கித் தந்தன என்று உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சிக்குக் கூகுள் எர்த் டைம்லாப்ஸில் பெரு நாட்டு உகயாலி ஆற்றைத் திறந்துகொள்ளுங்கள். 1984 முதலான செயற்கைக்கோள் படங்கள் ஆண்டுவாரியாக ஓடும். ஏதேனும் ஒரு வளைவில் நிறுத்தி, எந்தக் கரை நகரும், எந்தக் கழுத்து அறுபடும் என்று தாளில் எழுதி வையுங்கள். பிறகு ஓடவிட்டுச் சரிபாருங்கள்.