பட்ஜெட்டிலிருந்து ஊர்ச் சாலை வரை: ஒரு தொகுதிக் கடிதத்தின் கணக்கு

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் மனுக்களைப் பிரித்து அனுப்புவதும் கடிதங்கள் எழுதுவதும் என் வேலை. ஆண்டுதோறும் பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்த கையோடு, தொகுதி மக்களுக்கு அவர் பெயரில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று அச்சாகும். வரைவு என்னுடையது, திருத்தம் அவருடையது. இரண்டு ஊராட்சி ஒன்றியங்களும் ஒரு பேரூராட்சியும் கொண்ட தொகுதி எங்களுடையது. அவர் பெயரையும் கட்சியையும் இங்கே சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எந்தக் கட்சியின் உறுப்பினராக இருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது எதிர்ப்படும் சிக்கல் ஒன்றுதான்: சென்னையில் கோடிக் கணக்கில் வாசிக்கப்படும் தொகை நம் ஊருக்கு வரும்போது எவ்வளவாக இருக்கும், எப்போது வரும், யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது.

இதை எழுதுவது 2025ஆம் ஆண்டுக் கடிதம் அச்சுக்குப் போகும் வாரத்தில்; ‘இந்த ஆண்டு’ என்று கீழே வருவதெல்லாம் 2025. பெரிய கணக்கைக் கடிதத்தில் ஒரே பத்தியில் முடித்துவிடுவேன். 2025 மார்ச் 14 அன்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய், வருவாய்ச் செலவு 3,73,204 கோடி ரூபாய். இரண்டுக்கும் இடையே விழும் 41,635 கோடிதான் வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியங்கள் என்று ஏற்கெனவே கட்டுப்பட்டுவிட்ட செலவுகளே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. வட்டி மட்டும் ஏறத்தாழ 70,000 கோடி. சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 57,231 கோடி. மொத்தச் செலவில் நூறு ரூபாய்க்குப் பதின்மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். தொகுதி மக்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்பதில் பெரும்பாலானவை இந்தப் பதின்மூன்று ரூபாய்க்குள்தான் அடங்க வேண்டும். பட்ஜெட் இலச்சினையில் ₹ குறிக்குப் பதிலாக ‘ரூ’ என்று தமிழில் போட்டதைப் பற்றித்தான் அந்த வாரம் முழுவதும் தேநீர்க் கடைகளில் வாதம் நடந்தது. கடிதத்தில் அதற்கு நான் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

அதற்கடுத்த பத்திதான் எனக்கும் உறுப்பினருக்கும் ஆண்டுதோறும் வாக்குவாதம் வரும் இடம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2025-26இல் ஒரு லட்சம் வீடுகள், ஒதுக்கீடு 3,500 கோடி ரூபாய் என்ற அறிவிப்பைத் தலைப்பாகப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போடலாம், தவறான செய்தி அன்று. ஆனால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒரு லட்சத்தை அவற்றுக்குப் பங்கிட்டால் ஊராட்சிக்குச் சராசரியாக எட்டு வீடு. ஓர் ஊராட்சிக்குள் நான்கைந்து குக்கிராமங்களும் ஒரு காலனியும் இருக்கும்போது, எட்டு வீடு என்பது தெருவுக்கு ஒன்றுகூட வராது. அதேபோல முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 2,200 கோடி ரூபாயில் 6,100 கிலோமீட்டர் என்பது, 388 ஒன்றியங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றியத்துக்குப் பதினாறு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சராசரி என்பது அரசு பின்பற்றும் பங்கீடு ஆகாது என்பதும், தேவை அதிகமுள்ள இடத்துக்குக் கூடுதலாகவும் மற்ற இடத்துக்குக் குறைவாகவும் போகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் வாசிப்பவர் தன் எதிர்பார்ப்பை எந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த வகுத்தல் கணக்கைவிட எளிதாகச் சொல்ல வேறு வழி கிடையாது.

பட்ஜெட் முடிந்த மறுவாரம் ஓர் அம்மா பத்திரிகைத் துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்து வந்திருந்தார். “தம்பி, ஒரு லட்சம் வீடுன்னு போட்டிருக்கானே, போன தடவையே எழுதிக் கொடுத்தேன், இந்தத் தடவையாவது எனக்கு உண்டா?” என்று கேட்டார். குடிசையில் இருக்கிறாரா, மனைக்குப் பட்டா இருக்கிறதா, கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் ஏறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில், பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே கிடப்பது தெரிந்தது. “அம்மா, முதல்ல பட்டா மாறுதலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துல மனு கொடுங்க, வாரிசுச் சான்றிதழ் வேணும்” என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய வீட்டுக்கும் அரசுக்கும் இடையே நின்ற தடை 3,500 கோடி ஒதுக்கீட்டில் இல்லை, ஒரு வாரிசுச் சான்றிதழில் இருந்தது. ஆகவே இந்த ஆண்டுக் கடிதத்தில் ஒரு லட்சம் என்ற தலைப்புக்குக் கீழே, பட்டா மாறுதலுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். தலைப்பு அவர் விருப்பம், கட்டம் என் விருப்பம்.

சட்டமன்ற உறுப்பினரால் பட்ஜெட்டில் என்ன செய்ய முடியும் என்பது பலருக்கும் தெளிவாகத் தெரியாத செய்தி. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவின்படி, மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையிடம் பணம் கேட்பது) எதுவும் ஆளுநரின் பரிந்துரையுடன்தான் பேரவைக்கு வரும்; நடைமுறையில் அமைச்சரவை கொண்டுவருவதுதான் வரும். பேரவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சி உறுப்பினர் கொடுக்கும் வெட்டுத் தீர்மானமும் குறையைப் பேச வாய்ப்புத் தேடும் வழியே தவிர, நிதியைக் கொண்டுவரும் வழி ஆகாது. எனவே ஒரு தொகுதிக்குப் பாலமோ ஆரம்ப சுகாதார நிலையமோ வந்தது என்றால், அதை உறுப்பினர் ஒதுக்கினார் என்பது பொருந்தாது. துறைக்கு மனு கொடுத்தார், மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசினார், அமைச்சரைப் பார்த்தார், கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று விடாமல் கேட்டார் என்பதே நடந்த உண்மை. இந்தக் கடைசி வேலையில்தான் நல்ல உறுப்பினருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரிகிறது என்பது என் கருத்து. பேரவையில் அருமையாகப் பேசிவிட்டுத் தலைமைச் செயலகப் பக்கமே போகாதவர்களும் உண்டு; இரண்டு நிமிடம் மட்டும் பேசிவிட்டு நான்கு துறைச் செயலர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

பேரவையில் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு நடை இருக்கிறது. “பேரவைத் தலைவர் அவர்கள் வாயிலாக அறிய விரும்புவது, எங்கள் பகுதியில் உயர்மட்டப் பாலம் அமைத்துத் தர அரசு முன்வருமா?” என்று உறுப்பினர் கேட்பார். “நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்” என்பது வழக்கமாக வரும் பதில்களில் ஒன்று. இந்தப் பதிலைத் தொகுதியில் பலரும் வாக்குறுதி என்றே எடுத்துக்கொள்கிறார்கள், சில கட்சிக்காரர்கள் மறுநாளே நன்றி சொல்லிச் சுவரொட்டியும் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் துறையின் பதிலுரையில் அமைச்சர் பெயர் சொல்லி அறிவித்தால்தான் அது அறிவிப்பு. அறிவிப்புக்குப் பிறகு அரசாணை வர வேண்டும். மதிப்பீடு தயாராகி நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் கிடைக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரி, திறந்து, பணி ஆணை கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஜே.சி.பி. வந்து நிற்கும். ஆகவே எங்கள் கடிதத்தில் ஒவ்வொரு பணிக்கும் நேரே அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு சொல் உண்டு: மனு, அறிவிப்பு, அரசாணை, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. முதல் முறை இப்படி அச்சிட்டபோது, பாதிப் பணிகள் ‘மனு’ என்று இருப்பதைப் பார்த்து உறுப்பினர் முகம் சுளித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் இதையே எடுத்துக் காட்டுவார்கள் என்றார். காட்டத்தான் செய்தார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு அந்த நிரலை எடுத்துவிடச் சொல்லவில்லை, ஏனென்றால் “எங்க வேலை எங்க நிக்குது” என்று அலுவலகத்துக்கு அலையும் கூட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது.

இந்த ஆண்டு அந்த நிரலுக்குக் கூடுதல் முக்கியத்துவம் இருக்கிறது. இந்தப் பேரவையின் முழு பட்ஜெட் இதுவே கடைசி. அடுத்த ஆண்டான 2026 தேர்தல் ஆண்டு என்பதால் தொடக்கத்தில் வருவது இடைக்கால பட்ஜெட்டாகத்தான் இருக்கும், அதன் பின்னே தேர்தல் நடத்தை விதிகளும் வந்துவிடும். விதி அமலுக்கு வந்த பிறகு, களத்தில் தொடங்கிவிட்ட பணியைத் தொடரலாம். புதிய பணியைத் தொடங்க முடியாது. வடகிழக்குப் பருவமழை நாட்களைக் கழித்துவிட்டால் சாலைப் பணிக்குக் கையில் இருப்பது சில மாதங்களே. இன்று ‘அறிவிப்பு’ என்ற நிலையில் நிற்கும் பணி தீபாவளிக்குள் ‘ஒப்பந்தப்புள்ளி’ என்ற நிலைக்கு வராவிட்டால், அதை இந்தப் பேரவையின் கணக்கில் எழுதுவது கடினம் என்று கடிதத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறோம்.

உறுப்பினர் தாமே பரிந்துரைக்கக்கூடிய பணம் என்று ஒன்று உண்டென்றால் அது தொகுதி மேம்பாட்டு நிதி: 2025 நிலவரப்படி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதிலும் பணம் அவர் கைக்கு வராது. அவர் பணியைப் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் கொடுப்பார், ஊரக வளர்ச்சி முகமை வழியாகப் பணி நடக்கும். மேலே சொன்ன கிராமச் சாலைத் திட்டத்தின் கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 36 லட்சம் ரூபாய் ஆகிறது. அப்படியானால் இந்த 3 கோடியை முழுக்கச் சாலைக்கே போட்டாலும் எட்டரை கிலோமீட்டரைத் தாண்டாது. பள்ளிச் சுற்றுச்சுவர், நியாயவிலைக் கடைக் கட்டடம், பயணியர் நிழற்குடை, மயானப் பாதை என்று கேட்பவர்கள் வரிசையில் நிற்க, யாருக்கு இல்லை என்று சொல்வது என்பதுதான் ஆண்டு முழுவதும் அவருக்குள்ள உண்மையான நிதி நிர்வாகம். நிழற்குடை கேட்பவர்களுக்கு நான் எளிதில் இரங்குவதில்லை. பேருந்தே வராத நிறுத்தங்களில் பெயர்ப் பலகைக்காகக் கட்டிய நிழற்குடைகளை நிறையப் பார்த்தாயிற்று.

இதற்கிடையில் 2025 ஜனவரி 5 அன்று, 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக் காலம் முடிந்துவிட்டது. எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. ஊராட்சித் தலைவரின் இடத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். ஓர் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் ஒரே அதிகாரி என்றால், தெருவிளக்கு எரியாததையும் கைப்பம்பு பழுதானதையும் யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்வி வந்துவிடுகிறது. முன்பு தலைவர் வீட்டுத் திண்ணையிலேயே தீர்ந்துவிட்ட பிரச்சினைகள் எல்லாம் இப்போது எங்கள் அலுவலகத்துக்கு வருகின்றன. மே 1 கிராம சபையிலும் மேடையில் அலுவலர்கள்தாம் இருந்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு, அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். நகல் கையில் இருந்தால் நாங்கள் துறைக்கு எழுதும் கடிதத்துக்கும் வலு கூடும்.

எம்.எல்.ஏ.வின் உதவியே தேவைப்படாத செய்திகளுக்கு மூன்றாம் பக்கம். பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணம் ஒரு விழுக்காடு குறைந்திருக்கிறது. பத்து லட்ச ரூபாய் மனைக்குப் பத்தாயிரம் மிச்சம். நூறு நாள் வேலைக்கான கூலி 2025 ஏப்ரலில் 319 ரூபாயிலிருந்து 336 ஆனது. பல மாதங்கள் கூலி நிலுவையில் கிடந்த கோபத்தில் இருப்பவர்களிடம் கூலி உயர்ந்தது என்று மட்டும் எழுதினால் கடிதத்தைக் கிழித்தெறிவார்கள், ஆகவே நிலுவையையும் சேர்த்தே எழுதினோம். கரும்புக்கான ஊக்கத்தொகை டன்னுக்கு 215 ரூபாயிலிருந்து 349 ரூபாயாக உயர்வது 2025 வேளாண் பட்ஜெட்டில் வந்தது. மகளிர் உரிமைத் தொகையில் விடுபட்டவர்கள் விண்ணப்பிக்க வாய்ப்புத் தரப்படும் என்று 2025 பட்ஜெட் உரை சொன்னது. முறையான அறிவிப்பு வரும்வரை விண்ணப்பம் வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதினோம்.

நான்காம் பக்கம் ஊர்ச் செய்தி. உண்மையைச் சொன்னால், பலர் கடிதத்தைப் புரட்டிப் போட்டு அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்கள். தேரோட்டத்தன்று மின்கம்பிகளைக் கழற்றி மாட்டும்வரை எந்தெந்தத் தெருக்களில் மின்சாரம் இருக்காது, கால்நடை மருத்துவ முகாம் எந்த ஊரில், பெரிய ஏரியின் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிப்பது எப்படி, நூலகத்துக்குப் போட்டித் தேர்வு நூல்கள் வந்துவிட்டன என்ற தகவல், கபடிப் போட்டியில் மாவட்ட அளவில் வென்ற அரசுப் பள்ளி மாணவியர் என்று அந்தப் பக்கம் நிரம்பும். உறுப்பினரின் படம் அந்தப் பக்கத்தில் வராது. அவரே அப்படிச் சொன்னார், நானும் மறுக்கவில்லை.

கடிதம் இந்த வாரம் அச்சகத்துக்குப் போகிறது. நியாயவிலைக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒட்டப்படும், பால் கூட்டுறவுச் சங்கத்தில் கட்டாக வைக்கப்படும். இரண்டாம் பக்கத்தில் ஆற்றுப் பாலத்துக்கு நேரே ‘அறிவிப்பு’ என்றிருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையிலிருந்து அரசாணை எண்ணுக்காக இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று உறுப்பினர் கேட்டார். வேண்டாம், அரசாணை வந்தால் அதைத் தனித் துண்டறிக்கையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.