பழைய வண்டியும் வெளி வாரண்டியும்: மூன்று வார அலைச்சல்

நேற்று சாயங்காலம்தான் பட்டறையிலிருந்து வண்டிச் சாவி கைக்கு வந்தது. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி செகண்ட் ஹேண்ட். தயாரித்த கம்பெனியின் வாரண்டி முடிந்துவிட்டதால், வாங்கும்போதே ஒரு வெளி நிறுவனத்தின் வாரண்டியையும் 2 வருடத்துக்கு எடுத்தேன். இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் எல்லாம் பட்டியலில் இருந்தன. முதல் 30 நாளுக்குள் எது போனாலும் வாரண்டியில் வராது, வண்டிக்காரர் செலவுதான் என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். பட்டியலைப் படித்த அளவுக்கு மற்ற பக்கங்களைப் படிக்கவில்லை. அதுதான் என் முதல் தப்பு.

அதற்கான கூலி வாட்டர் பம்பில் கிடைத்தது. வெளியூர்ப் பயணத்தில் சூட்டு முள் ஏற, ஓரம் கட்டிப் பார்த்தால் பம்பில் கசிவு. கண்ணில் பட்ட பட்டறையில் மாற்றிக்கொண்டு வந்து, பில்லை வைத்து க்ளெய்ம் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: முன் அனுமதி எண் இல்லை, நிராகரிக்கப்பட்டது. பம்ப் பட்டியலில் இருக்கிறது, பில் இருக்கிறது, பழைய பம்பைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. அப்புறம் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால், அவசர வேலைக்கென்றே தனி வரி ஒன்று இருந்தது. வழியில் நின்றுபோனால் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த வேலை நாளுக்குள் தகவல் சொன்னால் போதுமாம். நான் சொன்னது நான்காம் நாள். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று வண்டி நன்றாக ஓடும்போதே பார்த்து வையுங்கள்.

அடுத்தது டைமிங் செயின், அதாவது இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து ஓட்டுகிற சங்கிலி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று ஒரு சத்தம். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். ஒரு நாள் அந்தச் சத்தத்தோடு இன்ஜின் விளக்கும் எரிந்தது. இந்த முறை விவரமாக இருந்தேன். விளக்கு எரிவதும் ஓடோமீட்டரும் ஒரே படத்தில் வருகிற மாதிரி போட்டோ எடுத்தேன். வண்டியை நகர்த்தாமல் இழுவை வண்டி வைத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால்தான் சேதம் அதிகமானது என்று சொல்லிக் கைகழுவ, இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும்.

ஸ்கேனர் போட்டதில் பி0016 என்று வந்தது. பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்ட்டும் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடவில்லை என்பதற்கான பிழைக் குறியீடு. மெக்கானிக் பழகியவர். "சார், கவரைக் கழட்டிப் பார்த்துடட்டுமா?" என்று கையில் ஸ்பேனரோடு நின்றார். பம்ப் கதையைச் சொல்லி நிறுத்தினேன். முதலில் அனுமதி, அப்புறம்தான் ஸ்பேனர்.

அனுமதிக்குப் பட்டறையிலிருந்து ஒரு அறிக்கை போக வேண்டும். அங்கேதான் ஒரே ஒரு சொல் எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது. மெக்கானிக் வழக்கமான பேச்சில் "செயின் தேய்ந்துவிட்டது" என்று எழுதி அனுப்பிவிட்டார். மறுநாளே பதில்: இயல்பான தேய்மானம், வாரண்டியில் வராது. இன்ஜினைத் திறக்கவே இல்லை, தேய்ந்தது என்று யாருக்குத் தெரியும்? பொய் எழுதச் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன். குளிர்ந்த ஸ்டார்ட்டில் சத்தம், இந்தப் பிழைக் குறியீடு, காரணம் தெரிய இன்ஜின் முன்பக்கத்தைத் திறக்க வேண்டும். இவ்வளவுதான். அறிக்கை போவதற்கு முன்னால் ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள். மெக்கானிக் வாயில் "தேய்ந்துவிட்டது" சும்மா வந்து போகிற சொல். க்ளெய்ம் பிரிவில் அதற்கு அர்த்தமே வேறு.

இரண்டாவது அறிக்கை போனதும் புதுப் பிரச்சினை கிளம்பியது. ஆயில் மாற்றிய பில்கள் எல்லாம் வேண்டும், முந்தைய உரிமையாளர் காலத்துப் பில்கள் உட்பட. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் முதலில் அடிவாங்குவது இந்த ஏரியாதான். அதனால் பில் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் ஓட்டியவரின் பில்லுக்கு நான் எங்கே போவேன்? அவரைத் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் ஆனது. அவரும் பாவம், வண்டியை விற்றதும் பில்லையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டாராம்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒப்பந்தத்தை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். பராமரிப்பு விதியில் தெளிவாகவே இருந்தது: ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து செய்த சர்வீஸ்களுக்கான ஆதாரம். அதற்கு முந்தையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலையில் போன் போட்டு, பக்க எண்ணைச் சொல்லி, அந்த வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். "லைன்ல இருங்க சார்" என்று போனவர், திரும்பி வந்து, "உங்க பீரியட் பில் மட்டும் போதும்" என்றார். மன்னிப்பெல்லாம் கிடையாது. இருந்தாலும் அந்த மூன்று வாரத்தில் நான் சிரித்த ஒரே காலை அதுதான். அந்த உரையாடலையே சுருக்கி உடனே மின்னஞ்சலும் அனுப்பினேன். போனில் சொன்னது காற்றோடு போய்விடும்.

என் பில்கள் மூன்று இருந்தன. அதில் ஒன்றில் கிலோமீட்டர் எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நல்லவேளை, அந்தப் பட்டறையின் கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு இருந்தது. ஓடோமீட்டர் எண்ணோடு பிரிண்ட் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஆயில் மாற்றி வெளியே வரும் முன்பே பில்லில் தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, வண்டி எண் நான்கும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டில் நீங்களே மாற்றுகிறவராக இருந்தால் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ரசீதையாவது சேர்த்து வையுங்கள். எல்லா நிறுவனமும் அதை ஏற்காது, ஆனால் வெறுங்கையோடு நிற்பதற்கு அது மேல்.

இதற்குப் பிறகு இன்ஜினைத் திறக்க அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. கோளாறு வாரண்டிக்குள் வந்தால் பிரித்த கூலி அவர்கள் கணக்கு, வராவிட்டால் என் கணக்கு. வயிற்றைக் கலக்கினாலும் கையெழுத்துப் போட்டேன். வேறு வழி இல்லை. பார்வையிட நிறுவனத்தின் ஆள் வரும்வரை எந்தப் பாகத்தையும் கழுவவோ துடைக்கவோ கூடாது என்று மெக்கானிக்கிடம் இரண்டு முறை சொல்லி வைத்தேன்.

பார்வையாளர் வந்த அன்று நானும் போய் நின்றேன். கட்டாயம் போங்கள். செயினை அளந்து பார்த்தார்கள், நீளம் அளவுக்குள்தான் இருந்தது, அதாவது செயின் தேயவில்லை. மெக்கானிக் டென்ஷனரைக் கழற்றிக் கையில் வைத்து, அதன் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். பேனா முனை மாதிரி சுலபமாக உள்ளே போனது. வெளியே வந்த முனை திரும்பி உள்ளே போகாதபடி உள்ளே ஒரு பல் பூட்டு பிடிக்க வேண்டும். அந்தப் பூட்டு உடைந்திருந்தது. ராத்திரியில் ஆயில் இறங்கிவிடுவதால், காலையில் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து அடித்திருக்கிறது. பார்வையாளர் ஒன்றும் பேசாமல் நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் செயின் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கும் என்று மெக்கானிக் என் காதோடு சொன்னார்.

இரண்டு நாளில் அனுமதி எண் வந்தது. அதிலும் முழுசாகக் கிடைத்துவிடவில்லை. பட்டறை 11 மணி நேர வேலை என்றது. நிறுவனத்தின் அட்டவணையில் அதே வேலைக்கு எட்டரை மணி நேரம்தான். மீதி இரண்டரை மணி நேரக் கூலி என் தலையில். ஆயில், கூலன்ட், கேஸ்கட், சீலன்ட் எதுவும் அவர்கள் கணக்கில் வராது. எஸ்டிமேட் வாங்கும்போதே எது அவர்களுடையது, எது நம்முடையது என்று இரண்டாகப் பிரித்து எழுதி வாங்கியிருந்தால் கடைசி நாளில் கவுண்டரில் நின்று வாதாடியிருக்க வேண்டாம்.

இன்று காலை ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. நம்பிக்கை வராமல் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டும் ஒருமுறை கேட்டேன். பட்டறைக்குப் பணம் போய்ச் சேரும்வரை பழைய பாகம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, இன்னும் சேரவில்லையாம். அந்த டென்ஷனர் இப்போது டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஒரு பழைய துணியில் சுற்றிக் கிடக்கிறது.