பழனிக்கு நடந்த அத்தையின் வேண்டுதல்

வேண்டிக்கொண்டது என் மாமியார். நடந்தது நான்.

2021 ஆவணியில் என் வீட்டுக்காரர் பைக்கில் விழுந்து நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை முந்தானையில் 11 ரூபாயை முடிந்துகொண்டு, "எம் புள்ளைய எந்திரிக்க வையி முருகா, திண்டுக்கல்லுல இருந்து உன் மலைக்கு நடந்தே வர்றேன்" என்று சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஐந்தாம் நாள் அவர் தண்ணீர் கேட்டார். காலில் கம்பி வைத்தார்கள். இன்றைக்கு வேலைக்குப் போய் வருகிறார்.

ஆனால் அதற்குள் அத்தையின் முழங்கால் போய்விட்டது. ரேஷன் கடைக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் பழனி மலையில் குடமுழுக்கு நடந்தபோது, பஸ்ஸிலாவது போய்க் கும்பிட்டு வரலாம் என்று கூப்பிட்டோம். "கடனை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?" என்று மறுத்துவிட்டார். தை மாதம் எங்கள் தெரு வழியாகப் பாதயாத்திரைக்காரர்கள் அரோகரா போட்டுப் போனால் அத்தை திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை. "உங்க கடனை நான் நடந்து கழிக்கிறேன் அத்தை" என்றேன். மருமகள் நடந்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று எங்கள் கோயில் பூசாரி வாயால் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

மார்கழி முதல் தேதி மாலை போட்டேன். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் தெருக்காரர்களோடு கிளம்பினேன். திண்டுக்கல் அபிராமி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடக்க ஆரம்பித்தோம். அன்றைக்கு ராத்திரி ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பந்தலில் படுத்தோம். அதுவரை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது.

பழனி என்னவோ 60 கிலோமீட்டர்தான். செருப்பில்லாத காலுக்கு அது வேறு கணக்கு. பதினொரு மணிக்கு மேல் தார் ரோடு தோசைக்கல் மாதிரி காய்கிறது. ரோட்டோரம் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் கொஞ்சம் சூடு குறையும் என்று முன்னால் போனவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்து நடந்தேன். ஒட்டன்சத்திரம் வர இன்னும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது இடது உள்ளங்காலில் கொப்புளம் புளியங்கொட்டை அளவுக்கு எழும்பிவிட்டது. எங்கள் ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். முருங்கைக்காய் ஏற்றிய லாரிகள் உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வலியை விட, அத்தையின் கடன் பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"என்ன சாமி, காலக் காட்டுங்க."

எழுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வரும் கூட்டம். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வயசில் பெரியவர், காலை இழுத்தேன், விடவில்லை. தாலிக் கயிற்று ஊக்கோடு ஓர் ஊசி கோத்து வைத்திருந்தார். தன் முந்தானை ஓரத்திலிருந்தே ஒரு நூலை உருவி எச்சில் தொட்டுக் கோத்தார். கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, நூலை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டு இரண்டு முனையையும் நறுக்கினார். "நூலு வழியா தண்ணி தன்னால வடிஞ்சுரும். தோலை மட்டும் உரிச்சுராதீங்க சாமி." அவர் பேத்தி வயசு இருக்கும் எனக்கு. அவர் என்னைச் சாமி என்கிறார். பாதயாத்திரை ரோட்டில் எல்லோரும் சாமிதான், எனக்கும் தெரியும். ஆனால் காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அப்படிக் கூப்பிடும்போது உடம்பு கூசிப் போய்விட்டது. நான் எழுந்து நிற்பதற்குள் அவர் தன் கூட்டத்தோடு போய்விட்டார். ஊர் கேட்டேன், பேர் கேட்க விட்டுப்போனது.

விருப்பாச்சி, சத்திரப்பட்டி எல்லாம் ராத்திரியில் கடந்தோம். யார் யாரோ மோர் கொடுத்தார்கள், சுக்குக் காபி கொடுத்தார்கள், முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். தூக்கத்தில் நடந்த மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது.

விடிந்தபோது ஆயக்குடி. ரோட்டோரம் கூடை கூடையாகக் கொய்யா. கடை போட்டிருந்த ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு பழத்தைக் கையில் வைத்து, மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றையும் கொடுத்தார். "உண்டியல்ல போட்ருங்க சாமி. மலை அந்தா தெரியுது, ஏற முடியல. தைப்பூசத்துலதான் நமக்கு வியாபாரம்." திரும்பிப் பார்த்தால் உண்மையிலேயே மலை தெரிந்தது. தினமும் மலையைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்கிறவர், முன்பின் தெரியாத என்னை நம்பித் தன் காணிக்கையைக் கொடுக்கிறார். அதை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு என் கால்வலி எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது இரண்டு பேருடைய கடன் என் கையில்.

அடிவாரத்தில் அத்தையும் என் வீட்டுக்காரரும் பஸ்ஸில் வந்து காத்திருந்தார்கள். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை இழுத்து நடக்கும் ஒருவரையும் சுவரைப் பிடித்து நடக்கும் ஒரு கிழவியையும் பார்த்துவிட்டு, மூன்று பேர் விடாமல் துரத்தியிருக்கிறார்கள். "க்யூ இல்லாம கூட்டிட்டுப் போறேன், ஆளுக்கு ஐநூறு குடுங்க." முடியாது என்றதும், "அப்ப ராத்திரி வரைக்கும் நில்லுங்க" என்று சபிப்பது போலச் சொல்லிப் போயிருக்கிறார்கள். முருகன் வாசலில் நின்றுகொண்டு வயதானவர்களைப் பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களை என்ன சொல்ல? அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

சாயந்திரம் அடிவாரத்திலேயே இருக்கும் திருஆவினன்குடி முருகன் கோயிலில் கும்பிட்டோம். மறுநாள் விடிவதற்கு முன்பே மலைக்குக் கிளம்பினோம். கிரிவீதியில் இப்போது வண்டிகள் விடுவதில்லை. பேட்டரி வண்டியில் அத்தையை வின்ச் வரைக்கும், அதுதான் கம்பிக் கயிற்றில் மலைக்கு இழுத்துப் போகும் ரயில், கொண்டுபோய்விட்டோம். அவர்கள் இருவரும் வின்ச் வரிசையில் நிற்க, நான் பாத விநாயகரைச் சுற்றிவிட்டுப் படியேறினேன். போனைக் கீழேயே ஒப்படைத்துவிடுவதால் மேலே ஒருவரை ஒருவர் தேடுவது பெரும்பாடு. வின்ச் ஏறி வருகிற வழியில் ஒன்றரை மணி நேரம் பதறிக்கொண்டு நின்றேன். பெருக்கிக்கொண்டிருந்த ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா, தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, "இந்த வழியாத்தான் வந்தாகணும், உக்காருங்க" என்றார். வந்தார்கள்.

பிறகு வரிசை. சன்னதிக்குள் நுழையும்போது மணி ஒன்பதுக்கு மேல். கூட்டம் நெருக்கித் தள்ள, "நகருங்க, நகருங்க" என்ற சத்தம் நிற்கவே இல்லை. அத்தை என் தோள் உயரம்தான். அவர் கண் மட்டத்தில் முதுகுகளைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்றரை வருஷக் கடனைச் சுமந்து வந்தவர், சாமியைப் பார்க்காமலே தள்ளப்பட்டுப் போய்விடுவார் என்று தோன்றியபோது எனக்கு வாயில் முருகா என்றுகூட வரவில்லை.

எங்களுக்கு முன்னால் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு பிள்ளை, முப்பது வயசிருக்கும், அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "அம்மே, இங்கோட்டு வரூ." அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். பின்னால் வந்த அத்தனை பேருடைய நெருக்கலும் அவர் நெஞ்சில் விழுந்தது. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அவர் கைக்கு அடியில் குனிந்து அத்தை முன்னால் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

பாலாபிஷேகம். மேற்கு பார்த்து நிற்கிற அந்தச் சின்னத் திருமேனி. தலையிலிருந்து இறங்கிய பால் நெற்றியில் இரண்டாகப் பிரிந்து, தோளில் வழிந்து, தண்டத்தைத் தொட்டு இறங்கியது. பால் விலகின இடத்தில் முகம் தெரிந்தது. சிரிப்பா, கேள்வியா, சொல்லத் தெரியவில்லை. எத்தனை விநாடி என்றும் தெரியாது. அத்தை அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்க் குரல் கொடுப்பது போல, "வந்துட்டேன்யா" என்றார். என் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. இப்போது எழுதும்போதும் கண்ணை மறைக்கிறது.

வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் உறைத்தது. அந்த நேரம் முழுக்க அந்தப் பிள்ளை சன்னதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் கையை எடுத்ததும் கூட்டம் அவரை இன்னொரு பக்கமாக அடித்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

தேடினோம். போகர் சன்னதிப் பக்கம், தங்கக் கோபுரம் தெரிகிற பிரகாரம், பிரசாதக் கடை, எல்லா இடத்திலும். எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். எந்த முகத்தை எடுத்து எந்த முகத்தோடு பார்ப்பது?

முருகா, என் வீட்டுக்காரரை எழுப்பிக் கொடுத்தாய். அத்தையைத் திண்ணையில் மறுபடி உட்கார வைத்தாய். ஊசியோடு ஒரு அம்மாவை அனுப்பினாய், ஒரு கொய்யாக்கடை அக்காவின் காசைச் சுமக்க என்னை நம்பினாய், கவிழ்த்த வாளியில் இடம் கொடுத்தாய். நான் யார் உனக்கு? இவர்கள் ஒருவருக்கும் என் பேர் தெரியாது, எனக்கும் அவர்கள் பேர் தெரியாது. நன்றி என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னிடமே சொல்கிறேன், நீ சேர்த்துவிடு.

உண்டியலில் முதலில் அந்த மஞ்சள் முடிச்சைப் போட்டேன். அப்புறம் அத்தை தன் 11 ரூபாயைப் போட்டார். பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு மதியம் திண்டுக்கல் பஸ் ஏறினோம். ஆயக்குடியில் அந்த அக்காவின் கடை தெரிகிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், பஸ் நிற்காமல் போய்விட்டது.

நான் இரண்டு நாள் நடந்த ரோடு ஒரு மணி நேரத்தில் பின்னால் ஓடியது. அத்தை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். சத்திரப்பட்டி தாண்டியதும் கேட்டார்.

"அந்த மலையாளத்துப் புள்ள சாமியப் பாத்துச்சா?"

"தெரியல அத்தை."

ஒட்டன்சத்திரம் வந்து, ஆள் இறங்கி, ஆள் ஏறி, பஸ் கிளம்புகிற வரைக்கும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் டப்பாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்திருக்கும்" என்றார்.