2662 தட்டினால் அம்மா

என் போனில் தொள்ளாயிரத்துச் சொச்சம் எண்கள். அம்மாவை அழைக்கக்கூடப் பட்டியலைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது நேராக டயல் பேடுக்குப் போய் 2662 என்று அடிக்கிறேன். எண் பொத்தான்களின் கீழே சிறிதாக ஆங்கில எழுத்துகள் இருக்குமே, அவைதான் வேலை செய்கின்றன. 2-இல் ஏ, 6-இல் எம். அப்பாவுக்கு 2772, அக்காவுக்கு 2552. பெரும்பாலும் மூன்றாவது இலக்கத்திலேயே பெயர் மேலே வந்துவிடுகிறது.

பெயரை ஆங்கில எழுத்தில் சேமித்திருந்தால்தான் என் போனில் இது நடக்கிறது. தமிழில் எழுதியவை சிக்குவதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம் எழுத்துக்கும் இந்த வசதி வர வேண்டும்.

அம்மாவின் போனில் வேறு வழி. ஆண்ட்ராய்டில் விட்ஜெட்டாக, அதாவது முகப்புத் திரையில் வைக்கும் சிறு பெட்டியாக, நேரடி டயல் குறுக்குவழி வைக்கலாம். முகப்பில் என் படம். ஒரு தட்டில் அழைப்பு போய்விடும். கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை.

அப்புறம் இன்னொன்று: எண்களை + குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் சேமியுங்கள். வெளிநாட்டில் இறங்கியதும் அப்படியே அழைக்கலாம்.