காது நனையும் வரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் 43ஆவது வயதில், முதன்முதலாகத் தண்ணீரில் மிதந்தேன். 6 விநாடி. எண்ணியது கோச். எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது.

ஒன்பது வயதில் கிணற்றுப்படியில் வழுக்கி உள்ளே போனவள் நான். அண்ணன்தான் சடையைப் பிடித்து இழுத்து மேலே போட்டான். முகங்கள், பேச்சு எல்லாம் மறந்துவிட்டன. காதுக்குள் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கிய அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு 34 வருடம், எந்தக் கடற்கரைக்குப் போனாலும் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் நான்தான் காவல். தைரியம் வரட்டும், இறங்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது வரவே இல்லை.

ஒருநாள் மகள் கேட்டாள்: "அம்மா, நான் தண்ணியில விழுந்தா நீ குதிப்பியா?" "குதிப்பேன்டா" என்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவளிடம் அவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதே இல்லை. மறுநாளே நீச்சல் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

கோச்சுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். மகள் கேட்டதைச் சொன்னேன். "நீச்சல் தெரிஞ்சவங்களே நேரா குதிக்கக்கூடாதுக்கா. முங்குறவங்க பயத்துல நம்மளையும் சேர்த்து அமுக்கிடுவாங்க. ஆளைக் கூப்பிடணும். கயிறோ மிதக்குற பொருளோ வீசணும், கம்பு இருந்தா நீட்டணும்" என்றாள். நான் வந்த காரணமே அங்கே அடிபட்டுப் போனது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன், கம்பியை இறுகப் பிடித்தபடி.

அவள் ஒரு தடவைகூட "பயப்படாதீங்க" என்று சொல்லவில்லை. அதற்காகவே அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பயந்தவரிடம் பயப்படாதே என்பதைப்போல உதவாத பேச்சு வேறில்லை. அவள் சொன்னது இதுதான்: "எந்த இடத்துல பயம் வருதோ அங்கேயே நில்லுங்கக்கா. முன்னாடி போக வேணாம். மேலயும் ஏறிடாதீங்க. பயம் பத்துக்கு எத்தனைன்னு மட்டும் அப்பப்ப சொல்லுங்க."

எட்டு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, எட்டு. இன்னும் கொஞ்சம் கழித்து, ஏழு. விரல் மூட்டுகள் வெளுத்துப்போய்க் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் உடம்பு அதே வேகத்தில் பயந்துகொண்டே இருக்க முடியாது போலிருக்கிறது. வகுப்பு முடியும்போது நான்கு. நான் செய்தது ஒன்றுமில்லை, ஓடிப்போகாமல் நின்றதுதான்.

இதைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய ஒரு சின்னப் பையனைப் பற்றி 1924இல் எழுதியிருக்கிறார். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, நாள்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும் அளவுக்கு அவன் விட்டான். படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. பயந்த இடத்தைவிட்டு விலகியதும் ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் பயத்துக்கு நாம் போடும் தீனி. 34 வருடம் செருப்புக் காவல் இருந்தது அதைத்தான் வளர்த்திருக்கிறது.

இரண்டாவது வாரம் முகத்தை முக்கச் சொன்னாள். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன். ஐந்தாவது விநாடியே நெஞ்சு வெடிப்பதுபோல் ஆகித் துள்ளி எழுந்தேன். "அடக்காதீங்கக்கா, விடுங்க. மூக்கால குமிழி விடுங்க." மூச்சை அடக்கும்போது வருகிற அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதில்லையாம், கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவதாம். மெதுவாக விட்டேன். கன்னத்தை உரசிக்கொண்டு குமிழிகள் மேலே ஓடின. தண்ணீருக்குள் நான் செய்துவந்தது எல்லாமே தலைகீழ் என்று அன்றுதான் புரிந்தது.

மிதப்பதுதான் கடினமாக இருந்தது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு தண்ணீரைவிடச் சற்று லேசு, தானாக மிதக்கும் என்று விளக்கினாள். நம்பினேன். ஆனால் மல்லாக்கப் படுக்க வேண்டுமானால் காது நனைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் காதைத் தொட்டதும் கழுத்து தானாக விறைத்து எழும், தலை எழுந்தால் இடுப்பு இறங்கும், கால் தரையைத் தேடும். நான்கு வகுப்பு இப்படியே போயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் பிடரிக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்தாள். "சத்தம் வந்தா வரட்டும், கேளுங்கக்கா." காது மூழ்கியது. குபுகுபு. ஒன்பது வயதுக் கிணறு அப்படியே வந்தது. எழவில்லை. அந்தச் சத்தம் அடங்கியது, அதற்குப் பின்னால் பெரிதாக, நிதானமாக ஏதோ ஒன்று ஏறி இறங்குவது கேட்டது. என் மூச்சு. விரல்களை அவள் எப்போது எடுத்தாள் என்று தெரியாது.

அடுத்த வாரம் ஆழமான பக்கம். நேற்று அந்த ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் போட்டிருக்கும் கறுப்புக் கோடு நெளிந்துகொண்டே இருந்தது. கோச் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனைக்கா?"

"ஏழு" என்றேன். எழுந்து போகவில்லை.