டர்பன் வீட்டுக் குளியலறை விளக்கு மாற்றம்: கூரை முடிந்தது, முகம் பார்க்கும் கண்ணாடி விளக்கு பாக்கி

கூரை விளக்கு எரிகிறது! தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் 1960களில் கட்டிய வீடு எங்களுடையது. குளியலறையில் துருப்பிடித்துக் கிடந்த பல்க்ஹெட் விளக்கை (கூண்டும் கண்ணாடியும் மூடிய பழைய வகை) கழற்றிவிட்டு, ஐபி65 (தூசும் தண்ணீரும் புகாத தரம்) எல்இடி பொருத்தியாயிற்று. விளக்கை மாட்டியது சின்ன வேலைதான். நேரத்தை விழுங்கியது அதற்குப் பின்னால் இருந்த வயர்.

அதற்கு முன் கரண்ட் விஷயம். இங்கே பல பழைய வீடுகளில் எர்த் லீக்கேஜ் (30 மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் கருவி) பிளக் பாயின்ட்டுகளை மட்டும்தான் காக்கிறது. லைட் லைன் அதற்கு வெளியே ஓடும். அது நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி மேலே கை வைக்கக் கூடாது. சுவர் சுவிட்ச் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். லோட் ஷெட்டிங் நேரத்தில் கரண்ட் இல்லைதானே என்று ஏறுவது இன்னும் மோசம், எந்த நிமிடமும் திரும்பி வரும்.

நான் லைட் பிரேக்கரை இறக்கி டேப் ஒட்டினேன். டெஸ்டரை முதலில் உயிருள்ள பிளக்கில் வைத்துப் பார்த்தேன், அப்புறம் மேலே சிவப்பு (லைவ்)-கறுப்பு (நியூட்ரல்), சிவப்பு-எர்த், கறுப்பு-எர்த் மூன்றும், மறுபடி அதே பிளக்கில். டெஸ்டரே நடுவில் செத்திருந்தால் மேலே எல்லாமே செத்தது போலத்தான் காட்டும். அதற்குப் பிறகு மெயினையும் இறக்கினேன். பிரேக்கர் சிவப்பை மட்டும் வெட்டுகிறது. கறுப்பு வயர் வேறொரு லைனோடு சேர்ந்திருந்தால் அதில் கரண்ட் வரலாம்.

சரி, வயருக்கு வருவோம். மூடிய கண்ணாடிக்குள் 100 வாட் பல்ப் வருடக்கணக்கில் எரிந்திருக்கிறது. சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி. கூண்டைக் கழற்றி வயரை லேசாக வளைத்ததுமே உறை அப்பளம் மாதிரி நொறுங்கியது. மைத்துனர் லைசென்ஸ் உள்ள வயர்மேன். போனில் கேட்டேன். "மச்சான், டேப் சுத்தி மூடாதீங்க. உறை மிருதுவா இருக்குற இடம் வரைக்கும் வெட்டித்தான் ஆகணும்" என்றார். வெட்டினேன். மிஞ்சியது கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கான்டூயிட்டுக்குள்ளிருந்து (வயர் ஓடும் குழாய்) இழுத்ததும் கொஞ்சம்தான் வந்தது. மேலே மூடியோடு ஒரு பெட்டி வைத்து, வயர் உறையை 11 மி.மீ. உரித்து, வாகோ லீவர் கனெக்டரில் (நெம்பை மடக்கினால் வயரைப் பிடித்துக்கொள்ளும்) புது 1.5 சதுர மி.மீ. வயரைச் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து உறுதி செய்தபின்தான் மூடினேன். திருகி முடுக்கும் பழைய கனெக்டர் பட்டைக்கு இனி என் வீட்டில் இடமில்லை.

ஐபி65 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வயர் நுழையும் துளையை அடைக்காவிட்டால் நீராவி உள்ளே போய்விடும். ரப்பர் குரோமெட் (துளையில் மாட்டும் வளையம்) போட்டு, சுற்றி நியூட்ரல் சிலிக்கான் பூசினேன். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும், வாங்காதீர்கள். கடல் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் திருகுதான். பக்கத்து ஹார்ட்வேர் கடையில் பாதி விளக்குகளில் "வாட்டர்ப்ரூஃப்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, ஐபி எண்ணே இல்லை. அதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

இனி முகம் பார்க்கும் கண்ணாடி விளக்கு. அது குளியல் தொட்டி விளிம்பிலிருந்து 60 செ.மீ.க்குள் வருகிறது, ஐபி44க்குக் குறைந்து எதுவும் கூடாது. அந்த விளக்குக்கான வயர்ப் பெட்டியில் எர்த் வயரே இல்லை. இரும்பு கான்டூயிட்டையே எர்த்தாக வைத்திருக்கிறார்கள். நடுவில் துரு பிடித்திருந்தால் அது வெறும் குழாய்தான். உலோக விளக்கு மாட்டும் முன் மைத்துனர் மீட்டரோடு வந்து கன்டினியூட்டி, அதாவது அந்த எர்த் பாதை நடுவில் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் இரட்டைச் சதுரக் குறியுள்ள (எர்த் தேவைப்படாத) பிளாஸ்டிக் விளக்குதான் வாங்குவேன். வீடு விற்கும்போது 2 வருடத்துக்கு மேல் பழசாகாத சிஓசி (மின் இணைப்பு சரி என்ற சான்றிதழ்) கேட்பார்கள், அதற்கும் அவர் பார்வையில் முடிப்பதே நல்லது.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் மனதில் இருக்கிறது, விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும் டைமர் வகை. அதற்கு எப்போதும் கரண்ட் உள்ள இன்னொரு வயர் வேண்டும். கூரைப் பெட்டியில் அதற்கு இடம் விட்டே மூடியிருக்கிறேன்.